ப்ளேன்காரர் சமாதி

செத்துப்போய்விட்டார் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த மனிதர் காரிலிருந்து இறங்கிக் கைத்தடியை ஊன்றி மேடேறி வந்தார். தன்னுடைய சமாதியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு இடுப்பில் கைவைத்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "பரவாயில்லையே, டைல்ஸ் எல்லாம் ஒட்டி வச்சிருக்கீங்களே" என்றார். அவர் சிரித்ததைப் பார்த்துவிட்டு விழாக் கமிட்டித் தலைவர் தன்சீல் அகமது சிரித்தார். தலைவர் சிரித்த பிறகு ஷாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்திருந்த மற்றவர்களுக்கும் சிரிக்கலாம் என்று தைரியம் வந்தது. பாலாற்றங்கரையே சிரித்தது. டீத் தட்டோடு ஓரமாக நின்றிருந்த ஜெயசீலிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. டீக்கு நீண்ட கைகளைக் கவனிக்காமல் சமாதியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ப்ளேன்காரர் சமாதி என்று சொன்னால் ஆம்பூரில் எந்த ஆட்டோக்காரரும் மறுபேச்சில்லாமல் கொண்டுவந்து விடுவார். எழுபத்திரண்டாம் வருஷம் ஒரு நாள் மத்தியானம் வானத்திலிருந்து ஒரு விமானம் ஆற்று மணலில் விழுந்து எரிந்தது. நெருப்பு அடங்கியதும் நொறுங்கிக் கிடந்த தகடுகளுக்கு நடுவே போய்ப் பார்த்தவர்கள் கரிந்துபோன ஓர் உடம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முகம் தெரியவில்லை, துணி இல்லை, என்ன சாதி, என்ன மதம் என்று சொல்ல ஓர் அடையாளமும் இல்லை. ஏற்கெனவே எரிந்த உடம்பை மறுபடி எரிக்க யாருக்கும் மனம் வரவில்லை. பொழுது சாய்வதற்குள் அடக்கம் பண்ணிவிட வேண்டும் என்று தோல் மண்டிக்காரர்கள் சொன்னார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் காலனிக்காரர்கள் சரி என்றார்கள். ஒரு பக்கம் தொழுகை நடந்தது, மறுபக்கம் அகல் ஏற்றி வைத்தார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது, வருஷா வருஷம் அதே தேதியில் பிரியாணியும் சர்க்கரைப் பொங்கலும் ஒரே பந்தியில் நடக்கிறது. சவுதிக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து அந்த மேட்டின்மேல் ஒரு நிமிஷம் வைத்து எடுத்துப்போவார்கள். மேலே போகிறவர்களை ப்ளேன்காரர் பார்த்துக்கொள்வார் என்று ஒரு நம்பிக்கை.

ஊரில் காலத்தைச் சொல்வதே அதை வைத்துத்தான். ப்ளேன் விழுந்த வருஷம் கல்யாணம், ப்ளேன் விழுந்து மூணாம் வருஷம் வெள்ளம். ஜெயசீலியின் அப்பா இன்பராஜுக்கும் அப்படியொரு பட்டம் இருந்தது. 'ப்ளேன் வுழுந்த அன்னிக்கி ஓடிப்போனவன்.' டேனரியில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டிய ஆள். அன்று காலையில் பெண்டாட்டி கண்ணம்மாளோடு சண்டை போட்டுக்கொண்டு, பாம்பாய்க்குப் போகிறேன், இனி உன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு, ஆற்றைக் கடந்து ஸ்டேஷனுக்குப் போனார். போனவர் போனவர்தான். கண்ணம்மாள் அப்போது வயிற்றில் ஜெயசீலியைச் சுமந்துகொண்டிருந்தாள்.

ஓடிப்போனவன் மகள் என்கிற பெயரோடு வளர்வது எப்படி என்று ஜெயசீலியைக் கேட்டால் ஒரு நாள் முழுக்கச் சொல்வாள். அவள் வாய்க்குப் பயந்து யாரும் கேட்க மாட்டார்கள். அவளுடைய கல்யாணப் பேச்சில் மாமியார்க்காரி, "அப்பன் புத்தி பொண்ணுக்கு வராதில்ல?" என்று கேட்டது இன்றைக்கும் அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. முதல் பிள்ளை பிறந்தபோது தாத்தா பேரை வைக்கலாமே என்று சர்ச்சில் யாரோ சொன்னதற்கு, அந்த ஆள் பேரை நாய்க்குக்கூட வைக்க மாட்டேன் என்று அவள் பதில் சொன்னாள். இத்தனை வருஷமும் அப்பாவை வெறுத்தாள். கூடவே, வருஷம் தவறாமல் ப்ளேன்காரர் சமாதியில் பொங்கல் வைத்தாள். பாவம், எந்த ஊர்ப் பிள்ளையோ என்று.

அந்த எந்த ஊர்ப் பிள்ளைதான் இப்போது மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். குரூப் கேப்டன் பக்தவச்சலம், ரிட்டையர்டு. பெங்களூரிலிருந்து பழைய விமானங்களின் கதைகளைத் தேடி அலைகிற ஹரிஹரன் என்கிற கம்ப்யூட்டர்காரர், பாலாற்றில் விழுந்த சோதனை விமானத்துக்கு அந்த ஊர் மக்கள் ஞாபகார்த்தம் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று எங்கோ படித்துவிட்டு, அதை ஓட்டிய விமானியையே அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்த ஞாபகார்த்தம் விமானத்துக்கு இல்லை, விமானிக்குத்தான் என்பது வந்து இறங்கும் வரை அவருக்கும் தெரியாது.

கிழவர் நன்றாகப் பேசினார். அதை ஜெயசீலியும் ஒத்துக்கொள்வாள். "யுத்தம் முடிஞ்சு வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன ரன்வே இந்தப் பக்கம் நிறைய இருந்தது. சோழவரம், அரக்கோணம், இதோ உங்க வேலூர் அப்துல்லாபுரம். மேலேர்ந்து பார்த்தா புதருக்கு நடுவுல வெள்ளையா ஒரு கோடு தெரியும். அவ்வளவுதான். யாராவது வேர்க்கடலை காயப் போட்டிருப்பாங்க. ஆடு படுத்திருக்கும். ஒரு தடவை தாழப் பறந்து சத்தம் காட்டுவோம். ஆட்டை ஓட்டிக்கிட்டு அவங்க போனப்புறம் இறங்குவோம்" என்றார். தகரக் கொட்டகைகளில் உட்கார்ந்து அளவுகோலை வைத்துக்கொண்டு கணக்குப் போட்ட இன்ஜினீயர்களைப் பற்றிச் சொன்னார். ஒரு விமானம் எவ்வளவு மெதுவாகப் போனால் விழும் என்று கண்டுபிடிக்க, வேண்டுமென்றே அதை விழுகிற வரைக்கும் கொண்டுபோய்ப் பார்ப்பார்களாம். அதற்கென்று சம்பளமாம். காலனிப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள்.

பிறகு இங்கே விழுந்த விமானத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். மொத்தமே இரண்டுதான் செய்தார்களாம். பெயர்கூட வைக்கவில்லை, வாலில் ஒரு நம்பர் மட்டும். "என் வாழ்க்கையில அப்படி ஒரு விமானத்தை நான் ஓட்டினதே இல்லை. கை சொல்றதுக்கு முன்னாடி மனசு நினைக்கிறதைக் கேட்கும்" என்றார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். வாணியம்பாடி மலைக்கு மேலே இன்ஜின் நின்றுபோனது. வேலூர்ப் பழைய ரன்வே வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று பார்த்தார், முடியவில்லை. ஊர்மேல் விழக்கூடாது என்று ஆற்றுப் பக்கம் திருப்பிவிட்டு, சீட்டோடு வெளியே குதித்தார். காற்று அவரைப் பேரணாம்பட்டுப் பக்கத்து மலையில் கொண்டுபோய் இறக்கியது. அங்கே ஆடு மேய்த்தவர்கள் கூழ் கொடுத்தார்கள். மறுநாள் பெங்களூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். "கீழ ஆத்து மணல்ல ஈ காக்கா இல்லை. ஒரு உயிர் போகலை. இந்த வயசுல ராத்திரி நிம்மதியா தூங்குறேன்னா அதனாலதான்."

எல்லோரும் கை தட்டினார்கள். ஹரிஹரன் மைக்கை வாங்கி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில் கருங்கல் பலகை நடப்போவதாக அறிவித்தார். விமானத்தின் படம், வாலில் இருந்த நம்பர், விமானியின் பெயர், தேதி, கடைசியில் 'உயிர்ச்சேதம் ஏதுமில்லை' என்று ஒரு வரி. கேப்டன் சாரே வந்து திறந்து வைப்பார். மறுபடியும் கை தட்டினார்கள்.

ஜெயசீலி தட்டைக் கீழே வைத்தாள். தன்சீல் அகமதுவின் ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர் அவள். முதலாளி உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் தான் குரலை உயர்த்துகிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"சார், நீங்க இங்க நிக்கிறீங்க. அப்போ உள்ள படுத்துன்னு இருக்கிறது யாரு?"

ஒரு கூட்டத்தில் யாராவது கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது. இத்தனை பேரில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை, அல்லது தோன்றியும் வாயைத் திறக்கவில்லை. கிழவர் ஹரிஹரனைப் பார்த்தார். ஹரிஹரன் செல்போனைப் பார்த்தார். பிறகு கிழவருக்கு முகம் தெளிந்தது. "அட, அந்தப் பொம்மை. அது ரெண்டு சீட்டு விமானம்மா. சோதனை ஓட்டத்துல பின் சீட்டுல ஆள் கனத்துக்கு ஒரு பொம்மையை வச்சுக் கட்டுவோம். தோல் உறைக்குள்ள மண் ரொப்பி, கை கால் வச்சு. எரிஞ்சுபோனா பார்க்க ஆள் மாதிரியே இருந்திருக்கும். பாவம், ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நம்ம ஆளுங்க பொம்மைக்கு இத்தினி வருஷமா பிரியாணி போட்டிருக்காங்க" என்றார் தன்சீல் அகமது. ஷாமியானா மறுபடி குலுங்கியது.

ஜெயசீலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோல் பொம்மையாம். எங்கே வந்து சொல்கிறார் பாருங்கள். பிறந்த பிள்ளைக்குத் தாய்ப்பால் வாசனைக்கு முன்னால் தோல் வாசனை தெரிகிற ஊரில். ஆட்டுத் தோலா மாட்டுத் தோலா, பச்சையா பதனிட்டதா என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிச் சொல்கிற ஜனங்களிடம். அவர்கள் தோல் எது, ஆள் எது என்று தெரியாமல் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்த் தொழுகை நடத்திப் புதைத்தார்களாம். அதைக் கேட்டு அதே ஜனங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். வந்தவர் சொன்னதைவிட, இவர்கள் சிரித்ததுதான் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது அவள் சர்தார் பாஷாவைத் தேடிப் போனாள். அன்றைக்கு உடம்பைத் தூக்கியவர்களில் உயிரோடு இருக்கிறவர் அவர் ஒருத்தர்தான். வருஷா வருஷம் அவருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டுச் சால்வை போர்த்துவார்கள். இந்த வருஷம் நாற்காலி பின்னால் போயிருந்தது. இலையில் பிரியாணி ஆறிக் கிடந்தது. அவர் தொடவில்லை.

"பெரிய பாய், அவரு பொம்மைன்னு சொன்னது காதுல வுழுந்துச்சா?"

"வுழுந்துச்சிம்மா." இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "இந்தக் கையாலதான் தூக்கினேன். குளிப்பாட்ட முடியல, தண்ணிய மேல தெளிச்சி வுட்டோம். வாய் தொறந்து இருந்துச்சி. பொம்மைக்கு எவன் வாய்க்குள்ள பல்லு வெச்சி அனுப்புவான்?"

"இத நீங்க மைக்ல சொல்லக் கூடாதா?"

"குடுத்தாத்தானே." சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "மறுநா லாரில வந்தாங்க ராணுவத்துக்காரங்க. தகடு, கம்பி, ஆணின்னு ஒண்ணு வுடாம மண்ணச் சலிச்சி அள்ளினு போனாங்க. உங்க ஆள இங்க பொதச்சிருக்கோம் சார்னு ஆபீசர் கிட்ட காமிச்சோம். தொப்பியக் கழட்டினான். ஒண்ணும் சொல்லல. ஊர்ல யாராச்சும் காணாமப் போயிருக்காங்களான்னு மட்டும் கேட்டான். நாங்க இல்லன்னுட்டோம்."

"எங்கப்பா?"

பாஷா அவளை நிமிர்ந்து பார்த்தார். "இன்பராஜ் பாம்பாய்க்குப் போனான்னு ஊருக்கே தெரியும் கண்ணு. சொல்லினு போனவன காணோம்னு யாரு கணக்குல சேப்பாங்க?" என்று சொல்லிக்கொண்டு வந்தவருக்கு, சொல்லி முடிக்கும்போதே குரல் இறங்கிவிட்டது. அவர் கை இலைமேல் அப்படியே நின்றது. இத்தனை வருஷமாகக் கண்ணுக்கு நேரே கிடந்ததை அவரும் அந்த நிமிஷம்தான் பார்த்தார்.

ஆமாம், ஆபீசருக்குத் தெரியும். தன் ஆள் பெங்களூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறான் என்று தெரிந்துகொண்டே அந்த மேட்டுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றிருக்கிறான். அது பொம்மை இல்லை என்று தெரிந்ததால்தான் காணாமல் போனவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறான். உங்கள் ஆளைப் புதைத்திருக்கிறோம் என்று ஊரார் சொன்னதும், எங்கள் ஆள் சாகவில்லையே என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அன்றைக்கே காலனியில் வீடு வீடாக ஆளை எண்ணியிருப்பார்கள். சோதனை விமானம், ரகசியம், விழுந்ததே வெளியே தெரியக்கூடாது. ஆணியைக்கூட விடாமல் பொறுக்கிக்கொண்டு போனவர்கள் அந்த ஒரு வார்த்தையை மென்று முழுங்கிவிட்டார்கள். அந்த வார்த்தை இல்லாமல்தான் அவள் அம்மா ஓடிப்போனவன் பெண்டாட்டி ஆனாள்.

தன்சீல் அகமதுவிடம் போய்ச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. யாருக்கும் எதுவும் ஆகாமல் எல்லாம் சுமுகமாகப் போக வேண்டும் என்று நினைக்கிற மனிதர். "பாஷா சாச்சாவுக்கு நெனப்பு தடுமாறுதும்மா. போன வாரம் என்னையே எங்க அப்பான்னு நெனச்சிப் பேசினாரு. இத்த பெருசு பண்ணாத."

"சரி பாய். தோண்டிப் பாத்துடலாம். பொம்மையா இருந்தா மண்ணு இருக்கும். நான் எல்லார் கால்லயும் வுழுந்து மன்னிப்பு கேட்டுக்கறேன்."

அவருக்கு முகம் மாறிவிட்டது. "இன்னாம்மா பேசற? சமாதிய தோண்டறதா? ரெண்டு மதத்து ஜனமும் கும்புடற எடம். கலவரம் ஆவும்."

கல்லில் எழுதும்போது பொம்மை. தோண்டச் சொன்னால் சமாதி. அவள் அதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அவர் கேட்காதவர்போல அடுத்த பந்திக்கு இலை போடச் சொல்லிவிட்டுப் போனார். ஹரிஹரனிடம் அந்தக் கடைசி வரியை மட்டுமாவது எடுத்துவிடச் சொல்லிக் கேட்டாள். அவர் மிகவும் மரியாதையாக, "உங்க ஃபீலிங் புரியுது மேடம், ஆனா எவிடன்ஸ் வேணுமே. அன்னைக்கு விசாரணையிலேயே தரையில யாருக்கும் பாதிப்பில்லைன்னுதான் முடிச்சிருக்காங்க" என்றார். அன்றைக்கு விசாரித்தவர்கள் ஊரைக் கேட்டு எழுதினார்கள். இன்றைக்கு ஊர் கேட்டால் அவர்கள் எழுதியதைக் காட்டுகிறார்கள். இதில் எந்தச் சந்தில் போய் அவள் தன் அப்பாவைத் தேடுவது?

காலனிக்குத் திரும்பியபோது அம்மா வாசல்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கண்ணம்மாளுக்குக் கண் மங்கிவிட்டது, விரல்கள் மட்டும் தானாக வேலை செய்யும். விழாவுக்கு அவள் போகவில்லை. வெயில் ஆகாது. ஜெயசீலிக்கு நயமாக எடுத்துச் சொல்ல வராது. வந்த வேகத்தில் எல்லாவற்றையும் கொட்டினாள். ப்ளேன்காரர் உயிரோடு வந்தது, சிரித்தது, பொம்மை, பல், ஆபீசரின் தொப்பி. கண்ணம்மாள் கீரை உருவுவதை நிறுத்தவில்லை. சொல்லி முடித்த பிறகு, வெறும் காம்பை ரொம்ப நேரம் உருவிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கி நான் ஒல எறக்கி வெச்சேன். ரெண்டு பேருக்கு ஆக்கிட்டேன்" என்றாள் கடைசியில். "கோவத்துல போனவனுக்கும் சேத்து அரிசி போட்டுட்டமேன்னு என்மேலயே எரிச்சலா இருந்துச்சி. அப்பத்தான் சத்தம். வூடு ஆடுச்சி. எல்லாரும் ஆத்துக்கு ஓடறாங்க, நானும் வயித்தப் புடிச்சினு ஓடினேன்."

"தெரியும்மா. சொல்லியிருக்க."

"எந்தத் தாய் பெத்த புள்ளையோன்னு அழுதேன். பொம்பளைங்க போடக் கூடாதுன்னாங்க, கேக்கல, மண்ணு அள்ளிப் போட்டேன். போட்டுட்டு வூட்டுக்கு வந்து, கைகூட கழுவாம, உங்கப்பனத் திட்டினேன். எவனோ ஒருத்தன் எங்கயோ பொறந்து இங்க வந்து செத்தான், நீ எங்க போய்ச் சாவப் போறியோன்னு."

ஜெயசீலி அம்மா கையிலிருந்த வெறும் காம்பை வாங்கிக் கீழே போட்டாள்.

"ரயிலு எத்தினி மணிக்கு?" என்று கேட்டாள் அம்மா.

"எந்த ரயிலு?"

"மெட்ராஸ் போற ரயிலு. அங்க போய்த்தான் பாம்பாய்க்கு ஏறணும். அப்பல்லாம் காலைல ஒண்ணுதான் நிக்கும். அத வுட்டா ராத்திரிக்கித்தான். விடியறப்பவே போனவன்டி உங்கப்பன். ரயிலு போய் எவ்ளோ நேரம் கழிச்சி ப்ளேனு வுழுந்துச்சி. மத்தியானத்துல அவனுக்கு ஆத்துல இன்னா வேல?"

கேட்டுவிட்டு அவளே பதிலையும் கண்டுபிடித்துக்கொண்டாள். அது அவள் முகத்தில் தெரிந்தது. அழுவாள் என்று நினைத்து ஜெயசீலி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கண்ணம்மாள் அழவில்லை. முறத்தைத் தூக்கித் தெருவில் எறிந்தாள். கீரை வாசலெல்லாம் சிதறியது. எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "வந்துன்னு இருந்திருக்கான்டி" என்றாள் கண்ணம்மாள். "சோத்துக்கு வந்துன்னு இருந்திருக்கான். நான் ஆக்கி வெச்சிருப்பேன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. கூப்புடற தூரத்துல படுத்துன்னு இருந்தவன, பாம்பாய்ல எவகூடவோ இருக்கான்னு தெனமும் வாய்க்கு வந்தபடி திட்டினேனே. என்ன இப்புடிப் பேச வெச்சவங்க யாருடி?"

அந்த வாரம் முழுக்க ஜெயசீலி அலைந்தாள். தாசில்தார் ஆபீசில் அது ராணுவ விஷயம் என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில், இத்தனை வருஷம் கழித்து ஆளைக் காணோம் என்று வந்திருக்கிறாயே என்று சிரித்தார்கள். கம்பெனியில் ஹெச்.ஆர். அவளைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை விழா நல்லபடியாக நடக்க வேண்டும் என்று முதலாளி விரும்புகிறார் என்று மட்டும் சொன்னார். மேலே சொல்லாமல் விட்டதும் அவளுக்குப் புரிந்தது. எங்கே போனாலும் உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், தலையை ஆட்டினார்கள். ஒருத்தராவது எரிந்து விழுந்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவே கிளம்பி நின்றாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள் ஜெயசீலி. கேட்கவில்லை. ஆட்டோ வேண்டாம், ஆற்றில் நடந்தே போகலாம் என்றாள். மணலில் கால் புதையப் புதைய, மகள் தோளைப் பிடித்துக்கொண்டு, அங்கங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு அக்கரைக்கு வந்து சேர்ந்தாள். மேட்டில் கூட்டம் சேர்ந்திருந்தது. சமாதிக்கு முன்னால் குழி வெட்டித் தயாராக இருந்தது. கருங்கல் பலகையை வெல்வெட் துணி போர்த்திச் சாய்த்து வைத்திருந்தார்கள். கொத்தனார் இரும்புச் சட்டியில் சிமெண்டைக் குழைத்துக்கொண்டிருந்தார். கேப்டன் பக்தவச்சலம் இன்று கோட்டும் மெடல்களும் போட்டு வந்திருந்தார். போட்டோ எடுப்பதற்காக அவர் கையில் ஒரு புதுக் கொத்துக் கரண்டியைக் கொடுத்திருந்தார்கள்.

கண்ணம்மாள் நேராகப் போனாள். வயசான பெண்பிள்ளை கும்பிட வருகிறாள் என்று நினைத்து எல்லோரும் வழிவிட்டார்கள். அவள் குழியின் ஓரத்தில் கையை ஊன்றி, ஒரு காலை உள்ளே விட்டு, பிறகு இன்னொரு காலையும் விட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு, கல் நிற்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்தாள்.

முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. தன்சீல் அகமது குனிந்து, "அம்மா, எழுந்திருங்க, புடவை பாழாவுது" என்றார். இரண்டு பேர் கைகொடுக்க வந்தார்கள். ஜெயசீலி குறுக்கே வந்து நின்றாள். கம்பெனியில் அவள் லைனில் வேலை செய்கிற பெண்கள் நாலைந்து பேர் கூட்டத்திலிருந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார்கள். பின்னால் ஒரு நாற்காலி நகருகிற சத்தம் கேட்டது. சர்தார் பாஷா சால்வையை நாற்காலியிலேயே போட்டுவிட்டு மெல்ல நடந்து வந்து குழிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டார்.

"யாரும்மா நீங்க?" என்று கேட்டார் கேப்டன்.

"இன்பராஜ் பொண்டாட்டி" என்றாள் கண்ணம்மாள். ஓடிப்போனவன் என்கிற வார்த்தை இல்லாமல் அந்தப் பெயரை அவள் சொல்லி ஜெயசீலி கேட்டதே இல்லை. "உங்க மேல எனக்குக் கோவம் இல்ல சார். இன்ஜின் நின்னா நீங்க இன்னா பண்ணுவீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். குதிக்கிறப்ப மேலருந்து பாத்திருப்பீங்க இல்ல? அவரு எந்தப் பக்கமா நடந்துன்னு இருந்தாரு? டவுனப் பாத்தா, காலனியப் பாத்தா?"

ஹரிஹரன் என்னவோ சொல்ல வாயெடுத்தார். கிழவர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். ஆற்றைத் திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஈ காக்கா இல்லை என்று போன வாரம் மைக்கில் சொன்ன வாய்தான். இப்போதும் அதையே சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். கரண்டியைக் கீழே வைத்தார்.

"நான் கீழ பார்க்கலைம்மா" என்றார். "ஆத்துப் பக்கம் திருப்பினப்புறம் நான் கீழ பார்க்கவே இல்லை. விமானத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

போட்டோக்காரர் கேமராவைத் தாழ்த்திக்கொண்டார். தன்சீல் அகமது வாட்சைப் பார்த்தார், பிறகு பார்த்ததற்கு வெட்கப்பட்டவர்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சட்டியில் சிமெண்ட் இறுகத் தொடங்கியிருந்தது. கொத்தனார் அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கிளறினார், சிறிது நேரம் கழித்து மறுபடி விட்டார். இதற்கு மேல் விட்டால் பிடிக்காது என்று யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கண்ணம்மாள் குழிக்குள் கையை ஊன்றிச் சிரமப்பட்டு உட்கார்ந்தபடியே நகர்ந்து திரும்பினாள். டவுனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மணலுக்கு அந்தப் பக்கம் வெயிலில் தெரிந்த காலனிக் கூரைகளைப் பார்த்து உட்கார்ந்தாள்.